நாயின் மூக்கும் நரியின் தடமும்: தோட்டத்தில் குளிர்கால வார இறுதிகள்

நாய் வளர்க்கிற தோட்டத்தில் காட்டு விலங்கு பார்க்க முடியாது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குரைப்பு கேட்டால் நரி பாதி வழியில் திரும்பிவிடும், முயல் புதரை விட்டு வெளியே வராது, மேய்கிற பறவைக் கூட்டம் மொத்தமாக எழும்பிப் போய்விடும் என்பார்கள். நாயை இஷ்டத்துக்கு அவிழ்த்துவிட்டால் அப்படித்தான் ஆகும். நேரத்தையும் இடத்தையும் பிரித்து வைத்தால் கதையே வேறு. எந்த விலங்கு எந்தப் பக்கம் நடமாடுகிறது என்று காட்டித் தர நாயைவிட நல்ல துணை கிடையாது. குளிர்கால வார இறுதிகளில் எங்கள் குடும்பத் தோட்டத்தில் செய்த வேலைகள் எல்லாம் இந்த நம்பிக்கையில் தொடங்கியவை. செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதி வைக்கிறேன்.

குளிர்காலம்தான் இதற்குத் தோதான பருவம். அறுவடை முடிந்து ஆள் நடமாட்டம் அடங்கியிருக்கும். புல் காய்ந்து படிந்துவிடுவதால் வரப்பும் புதரடியும் திறந்து தெரியும். இன்னொரு வசதி, சத்தம். காற்றில்லாத குளிர் இரவில் தரையை ஒட்டிய காற்று சில்லிட்டுக் கிடக்கும். அதற்கு மேலே இருக்கும் காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கும். மேலே எழும் ஒலி அந்த அடுக்கில் வளைந்து திரும்பத் தரைப்பக்கமே இறங்குகிறது. மற்ற நாட்களில் காதுக்கு எட்டாத தொலைவிலிருந்து வரும் நரி ஊளை, குளிர்கால விடியலில் ஒவ்வொரு குரலாகப் பிரித்துக் கேட்கும் அளவுக்குத் தெளிவாக வருவது இதனால்தான். ஒரு குடும்பம் ஊளையிட்டு முடித்ததும் வேறொரு திசையிலிருந்து இன்னொரு குடும்பம் பதில் கொடுக்கும். திசையைக் குறித்து வைத்துக்கொண்டால் அன்றைக்கு எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

எங்களிடம் இரண்டு நாய்கள். செவலைக்கு வயதாகிவிட்டது, நிதானமானவள். மணி இளவட்டம், அசைவது எதுவானாலும் பின்னால் ஓடுவான். வேலையைத் தொடங்கும்போதே அப்பா சொல்லிவிட்டார்: "அவுத்து விட்டா நரி எட்டிப் பாக்காது. கட்டிப் போட்டா மணி ராத்திரி முழுக்கக் கத்தித் தீத்துடுவான். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி பாருப்பா." நாங்கள் கண்ட வழி இதுதான். விடியலும் அந்தியும் காட்டு விலங்குகளுக்கு. அந்த நேரத்தில் நாய்கள் வீட்டு முற்றத்தில், வேலிக்குள். வெயில் நன்றாக ஏறிய பிறகு நாய்களோடு நடை. வீட்டை ஒட்டிய களத்தில் அவை அவிழ்ந்து ஓடலாம். பின்வயலுக்கும் குட்டைப் பக்கத்துக்கும் போனால் நீளக் கயிற்றில்தான். உயர்ந்த புல் இருக்கும் மூலைக்கு அவற்றை அழைத்துப் போவதே இல்லை. குளிர்காலத்தில் வலசை வரும் பூனைப்பருந்துகள் அப்படிப்பட்ட புல்லுக்குள் தரையிலேயே இரவு தங்கும் பழக்கம் உள்ளவை. அங்கே ஒரு முறை நாய் புகுந்தால் அந்த இடத்தையே அவை கைவிட்டுவிடக்கூடும்.

முதலில் செய்தது மணல் படுக்கை. விலங்கு கடக்கும்போது தானாகவே படம் எடுக்கும் கேமராவைக் கட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. செலவு இல்லை, பேட்டரி வேண்டாம், வீட்டில் எல்லாருக்கும் தடம் படிக்கும் கண் வந்துவிடும். விலங்குகளும் சுலபமான வழியைத்தான் தேடும்: வேலியில் இருக்கும் இடைவெளி, இரண்டு வரப்புகள் சேரும் மூலை, வாய்க்காலைத் தாண்டும் மேடு. அப்படி ஓர் இடத்தில் வழியின் முழு அகலத்துக்கும், நீளவாக்கில் இரண்டு மீட்டருக்குக் குறையாமல், புல்லைச் செதுக்கி நான்கு விரல் ஆழம் தோண்டினோம். நீளம் குறைந்தால் ஒரு கால் மட்டும் பதிந்துவிட்டுப் போய்விடும், நடை தெரியாது. வெறும் மணலை மட்டும் நிரப்பினால் ஓரம் சரிந்து தடம் வெறும் குழியாகிவிடும். சலித்த மணல் மூன்று பங்கு, பொடித்துச் சலித்த களிமண் ஒரு பங்கு என்று கலந்ததில் விரல் பட்டையின், அதாவது விரலடியில் இருக்கும் மெத்தை போன்ற பகுதியின், விளிம்புகூடத் துல்லியமாகப் பதிந்தது. பொழுது சாயும் நேரத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்து, நேரான பலகையின் ஓரத்தால் இழுத்துச் சமன் செய்ய வேண்டும். பெருவிரலை மெதுவாக வைத்து எடுத்தால் ரேகை தெரிகிற பதம் சரியான பதம்.

காலையில் சீக்கிரம் போய்ப் பார்க்க வேண்டும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது தடத்தின் ஒரு பக்கம் நிழல் விழுந்து வடிவம் எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே தடம் இருப்பதே தெரியாது. மேகமூட்டமாக இருந்தால் டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்துப் பக்கவாட்டில் அடித்தால் போதும்.

நாய் வளர்க்கிற தோட்டத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது நாயின் தடத்துக்கும் நரியின் தடத்துக்கும் உள்ள வித்தியாசம். இரண்டிலும் நான்கு விரல், இரண்டிலும் நகம் பதியும். நாயின் தடம் அகன்று, விரல்கள் விரிந்திருக்கும். நரியின் தடம் ஒடுங்கி நீண்டிருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம், நடுவில் இருக்கும் இரண்டு விரல் பட்டைகளும் பின்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இதைப் படித்துத் தெரிந்து வைத்திருந்தேனே தவிர, முதலில் நேரில் பிடித்தது அண்ணன் மகள்தான். படுக்கையின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இது மணி கால் இல்ல. நடு விரல் ரெண்டும் கீழ ஒட்டியிருக்கு பாருங்க" என்றாள். மணியைக் கூட்டிவந்து அதே மணலில் பக்கத்திலேயே நடக்கவிட்டுப் பார்த்தோம். மணியின் நடு விரல்களுக்கு இடையே மெல்லிய மண் வரப்பு எழும்பி நின்றது. பக்கத்துத் தடத்தில் அந்த வரப்பு பாதியிலேயே நின்றுவிட்டிருந்தது. இவ்வளவு சின்ன வித்தியாசம். ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் குழப்பமே வராது.

தனித் தடத்தோடு நிறுத்தாமல் நடையையும் பார்க்க வேண்டும். வீட்டு நாய் வளைந்து, நின்று, திரும்பி, மோப்பம் பிடித்துக்கொண்டே போகும். நரிக்கு வீணாக்கச் சக்தி இல்லை. முன்கால் வைத்த இடத்திலேயே பின்காலை வைத்து, நூல் பிடித்தது மாதிரி நேர்க்கோட்டில் போய்விடும். பூனை இனத்துக்கு நகம் பதியாது; குதிகால் பட்டையின் பின்விளிம்பில் மூன்று மேடு தெரியும். முயல் தாவும்போது பின்கால்கள் முன்கால்களைத் தாண்டி முன்னால் விழும். ஆகவே பெரிய தடங்கள் முன்னாலும் சின்னவை பின்னாலும் இருக்கும். போகிற திசையைத் தலைகீழாகப் படித்துவிடக் கூடாது. காட்டுப்பன்றிக்குக் குளம்பின் பின்னால் இருபக்கமும் இரண்டு சின்னப் புள்ளிகள் கூடப் பதியும். கீரிக்கு ஐந்து விரல்.

தடத்தின் வயதைச் சொல்லப் பனி உதவுகிறது. வரப்புப் புல்லில் பனித்துளி நிற்கும்போது யாராவது நடந்தால் துளி உதிர்ந்து கரும்பச்சைக் கோடு ஒன்று விழும். அது பனி இறங்கிய பிறகு நடந்தது. மண்ணில் இருக்கும் தடத்துக்குள்ளேயும் பனி படிந்திருந்தால் அதற்கு முன்னால் நடந்தது. நரி முன்னிரவில் போனதா, விடிவதற்குச் சற்று முன் போனதா என்று இதை வைத்தே எங்களால் சொல்ல முடிந்தது. நல்ல தடம் கிடைத்தால் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்ப்பும் எடுக்கலாம்: பொடி இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு. சுற்றிலும் அட்டையை வளைத்து நிறுத்தி, தடத்தின் மேல் நேராக ஊற்றாமல் ஓரத்திலிருந்து வழியவிட வேண்டும். குளிரில் இறுக நேரம் கூடுதலாகப் பிடிக்கும். தூக்கி எடுத்தாலும் ஒரு நாள் காயவிட்ட பிறகே மண்ணைக் கழுவ வேண்டும்.

மணல் படுக்கை ஓரிடத்துக்குத்தான் கண். தோட்டம் முழுவதற்கும் மூக்கு செவலையிடம் இருக்கிறது. நாய் மோப்பம் பிடிக்கும்போது வினாடிக்கு ஐந்து முறை அளவில் காற்றை இழுத்து விடுகிறது. வெளிவிடும் மூச்சு நாசியின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் பின்பக்கம் போவதால், முன்னால் இருக்கும் வாசனை கலைவதில்லை. அதோடு புதிய காற்றும் முன்னால் இழுக்கப்படுகிறது. செவலையின் மூக்கைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பிளவுகள் திறந்து மூடுவது தெரியும். ஈரத் தரையில் மூக்கை ஒட்டி வைக்கும்போது காய்ந்த சருகுத் துகள் பின்பக்கமாகச் சிதறும்.

நடைக்குக் கழுத்துப் பட்டை வேண்டாம், மார்போடு சேர்த்துப் பூட்டும் ஹார்னஸ் போடுங்கள். முயல் குதித்து ஓடும்போது மணி மாதிரி இளம் நாய் ஒரே பாய்ச்சலாகப் பாயும். ஐந்து மீட்டர் கயிற்றின் கடைசியில் அந்த இழுப்பு முழுக்கக் கழுத்தில் விழக் கூடாது. நடையை நாய் போக்கில் விட வேண்டும். இழுத்து நடத்தினால் உடற்பயிற்சி ஆகும், நமக்கு ஒன்றும் தெரியவராது. செவலை சும்மா முகர்ந்துவிட்டுப் போவதும், அக்கறையாக முகர்வதும் வேறு வேறு. அக்கறை வந்தால் வால் அசைவு நின்றுவிடும், காது முன்னால் மடங்கும், மூச்சு குட்டிக் குட்டியாக வேகம் எடுக்கும், போன இடத்துக்கே திரும்பி வருவாள். அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். அடுத்த வாரமும் அங்கேயே நின்றால் அது கேமராவுக்கான இடம். வேலியடியில் மண் தேய்ந்து வழவழப்பான ஒரு சந்து, கிணற்றுக்குப் பின்னால் கிடக்கும் பாறாங்கல், குட்டைக் கரையின் தாழ்ந்த பக்கம் எல்லாம் அவள் காட்டியவை. எங்கள் கண்ணுக்கு அவை மற்ற இடங்களைப் போலத்தான் இருந்தன.

இரவில் விலங்கு தானாகவே தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும் வித்தை புதிதல்ல. ஜார்ஜ் ஷிராஸ் என்ற அமெரிக்கர் ஒளிவெடிப்பையும் இழுகயிறையும் வைத்து எடுத்த படங்களை 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் வெளியிட்டது. இப்போது கயிற்றுக்குப் பதில் வெப்பத்தை உணரும் சென்சார். அது வெப்பத்தின் அளவைப் பார்ப்பதில்லை, வெப்பம் இடம் மாறுவதைப் பார்க்கிறது. அதனால் கேமராவை நோக்கி நேராக வரும் விலங்கை அது தாமதமாகத்தான் பிடிக்கும். குறுக்கே கடந்தால் உடனே பிடிக்கும். வழிக்குச் செங்குத்தாக வைத்தால் வால் மட்டும் படத்தில் விழும். ஆகவே வழியைச் சாய்வாகப் பார்க்கும்படி, மூன்று நான்கு மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்தில் கட்டினோம். குளிர்காலத்தில் தரை சில்லிட்டும் உடல் சூடாகவும் இருப்பதால் சென்சார் நன்றாக வேலை செய்யும். கிழக்கையோ மேற்கையோ பார்த்து வைக்காதீர்கள். உதிக்கும் வெயிலும் சாயும் வெயிலும் படத்தை வெளுத்துவிடும். முன்னால் ஆடுகிற புல்லைக் கையளவு நறுக்கிவிட்டால் வெற்றுப் படங்களால் மெமரி கார்டு நிரம்பாது.

பேட்டரியில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஆல்கலைன் பேட்டரி குளிரில் சீக்கிரம் தளர்ந்துவிடும், லித்தியம் தாக்குப்பிடிக்கும். கேமராவின் அகச்சிவப்பு இரவு விளக்கில் 850 நானோமீட்டர் வகை தூரம் வரை ஒளி தரும், ஆனால் மங்கிய சிவப்பாக மினுங்கும். 940 வகை நம் கண்ணுக்குத் தெரியாது, எட்டும் தூரம் குறைவு. நரி மாதிரி சந்தேகப் பிராணிக்கு நான் இரண்டாவதைத்தான் வைப்பேன். கையுறை போட்டுக்கொண்டு கட்டிவிட்டு, வாரம் ஒரு தடவைக்கு மேல் கிட்டே போகாமல் இருப்பது நல்லது.

கிணற்றுப் பாறாங்கல்லில் கிடைத்த படங்கள்தான் இந்தக் குளிர்காலத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய செல்வம். காலை நடையில் செவலை அந்தக் கல்லை நின்று முகர்ந்துவிட்டுச் சிறுநீர் கழித்துவிட்டுப் போகிறாள். அன்று இரவே ஒரு நரி வருகிறது. கல்லை மேலிருந்து கீழாக முகர்கிறது, தலையைத் திருப்பி வீட்டுப் பக்கம் பார்க்கிறது, அதே இடத்தில் தன் அடையாளத்தை வைக்கிறது. அடுத்த வாரக் காலையில் செவலை வந்து முகர்கிறபோது முதுகு மயிர் சிலிர்த்து நிற்பது படத்திலேயே தெரிகிறது. நேருக்கு நேர் வராமலே இரண்டும் ஒன்றையொன்று நன்றாக அறிந்து வைத்திருக்கின்றன. அப்பா இந்தப் படங்களை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிப் பார்த்தார்.

வைக்கோல் கொட்டகை உத்தரத்துக்குக் கீழே கிடந்த கருப்பு உருண்டைகளை மணி தின்னப் பார்த்ததில்தான் மேலே கூகை இருப்பது தெரிந்தது. கூகை எலியை அப்படியே விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். கையுறையோடு எடுத்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, இடுக்கியால் பிரித்தால் மண்டையோடுகள் முழுசாகவே வரும். எலி என்றால் முன்னால் மஞ்சளோடிய உளிப்பல், அதற்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் வெற்றிடம். மூஞ்சூறு என்றால் இடைவெளி இல்லாமல் கூர்ப்பற்கள். கும்மிருட்டில்கூட ஒலியை மட்டும் வைத்துக் கூகையால் எலியைப் பிடிக்க முடியும் என்பதை உயிரியலாளர் ரோஜர் பெய்ன் இருட்டறைச் சோதனைகளில் நிறுவினார். அதைப் பற்றிய அவர் கட்டுரை 1971-இல் வந்தது.

கொட்டகையில் கூகையைப் பார்த்த பிறகு எலி மருந்தைத் தோட்டத்துக்குள் விடுவதில்லை என்று முடிவெடுத்தோம். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே கிடையாது. புரோமாடியோலோன் போன்ற மருந்துகள் ரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்பவை. மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. நாள்கணக்கில் தள்ளாடித் திரியும். அப்போது அதைப் பிடிப்பது கூகைக்கும் சுலபம், மணிக்கும் சுலபம். எலியைப் பிடித்துத் தின்ற பிராணியின் ஈரலில் அந்த மருந்து போய்த் தங்குகிறது. நாய்க்கு வைட்டமின் கே1 கொடுத்துக் கால்நடை மருத்துவர் காப்பாற்றலாம். கூகைக்கு யார் கொடுப்பது? தானியத்தைத் தரையிலிருந்து உயர்த்தி மூடி வைத்தோம், நாய்த் தட்டை இரவில் கழுவிக் கவிழ்த்தோம், கொட்டகைக்குள் மட்டும் பெட்டிக்குள் வைத்த பொறிகள். மீதியைக் கூகை பார்த்துக்கொள்கிறது.

நாய்களின் நேரம் முற்பகல். நடை முடிந்து களத்தில் அவிழ்த்துவிட்டதும் மணி முன்கால்களைத் தரையோடு நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு செவலை முன்னால் நிற்பான். இந்தக் குனிவைப் பற்றி விலங்கு நடத்தை ஆய்வாளர் மார்க் பெக்காஃப் 1995-இல் எழுதியிருக்கிறார்: சண்டை என்று தோன்றக்கூடிய கடிக்குச் சற்று முன்போ பின்போதான் இது அதிகம் வருகிறது, 'இது விளையாட்டுத்தான்' என்று எதிராளிக்கு உறுதி சொல்லும் சைகை. களத்து மேட்டில் உட்கார்ந்து கவனித்தால் இது அப்படியே தெரியும். மணி செவலையின் கழுத்தைக் கவ்வி உலுக்குவான், உடனே விட்டுவிட்டுக் குனிவான். செவலை பதிலுக்குக் குனிந்தால் ஆட்டம் தொடரும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் மணி அங்கேயே படுத்துவிடுவான். வயதானவளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்கிறான் என்பதைப் பார்க்கும்போது மனசு நிறைந்துபோகும்.

செவலைக்கு இடுப்பு மூட்டு வலி உண்டு, குளிரில் கூடும். அதனால் கூண்டைப் புதிதாகச் செய்தோம். பெரிய கூண்டு நல்லது என்று நினைப்பது தவறு: நிற்க, திரும்ப, சுருண்டு படுக்க இடம் போதும், அதற்கு மேல் பெரிதானால் உடல் சூட்டால் உள்காற்று வெதுவெதுப்பாகாது. அடிப்பலகை தரையிலிருந்து ஒரு சாண் உயரம். வாசல் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக, காற்று அடிக்கும் திசைக்கு எதிர்ப்புறம். கூரையைத் தூக்கி எடுக்கும்படி வைத்தால் சுத்தம் செய்வது சுலபம். உள்ளே பழந்துணி வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்த வைக்கோல் போட்டு வாராவாரம் மாற்றினால் போதும்.

தடுப்பூசியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரே கல்லை நாயும் நரியும் முகர்கிற தோட்டத்தில் நோயும் அந்தக் கல் வழியாகவே போகும். 1994-இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் டிஸ்டெம்பர் நோய் பரவி அங்கிருந்த சிங்கங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இறந்துபோயின. சுற்றுவட்டார நாய்களில் இருந்த வைரஸ்தான் அது. ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ மூன்றுக்கும் ஊசி தவறாமல் போட்ட நாயைத்தான் இந்த நடைக்குக் கூட்டிப்போக வேண்டும். திரும்பியதும் காதுக்குள், விரலிடுக்கில், தொடையிடுக்கில் உண்ணி பார்த்துவிடுவோம். நாயின் கழிவைப் பின்வயலில் விட்டுவிட்டு வருவதும் இல்லை.

குட்டைக் கரையில் உட்கார்ந்து பார்க்க ஒரு மறைப்பும் கட்டினோம். நான்கு கழி, பழைய சாக்கு, கண் மட்டத்தில் ஒரு நீளப் பிளவு. சொல்ல அதிகம் இல்லை. காற்று நம்மிடமிருந்து குட்டைக்கு வீசினால் அன்று போகாதீர்கள். மங்கல் வெளிச்சத்துக்கு 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) நன்றாக இருக்கிறது. அதிலிருந்து வரும் ஒளிவட்டம் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் என்பதால் அந்தியில் விரிந்த கண்ணுக்குப் போதுமான வெளிச்சம் கிடைக்கிறது.

பார்த்ததெல்லாம் ஒரே நோட்டில் எழுதுகிறோம்: நேரம், காற்றின் திசை, பனி, மணலில் தடம், கேமராவில் வந்தது. கடைசிக் கட்டம் செவலைக்கு; எங்கே நின்றாள், எவ்வளவு நேரம். அண்ணன் மகள்தான் அதை நிரப்புகிறாள். குளிர்காலம் முடிந்து வெயில் கூடத் தொடங்கியதும் பின்வயலுக்கு நாய்களைக் கூட்டிப்போவதை நிறுத்திவிடுவோம். ஆள்காட்டியும் வானம்பாடியும் வெறுந்தரையில் முட்டை வைக்கிறவை. கயிற்றில் இருக்கும் நாய்கூட அங்கே அவற்றுக்குத் தொந்தரவுதான். கேமராவிலிருந்து பேட்டரியைக் கழற்றி, சென்சார் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வைக்க வேண்டும். மணல் படுக்கையை மூடவில்லை. மழை வந்து கெட்டிப்படும் வரை காலையில் தண்ணீர் திறக்கப் போகும்போது அப்பா அதை எட்டிப் பார்த்து நோட்டில் எழுதிவைப்பார்.